கண்ணீரோடு ஏற்றுக்கொண்ட பணி



நம் ஆண்டவர் சொன்ன உவமை ஒன்றில் இரண்டு குமாரர் வருகிறார்கள். திராட்சத்தோட்டத்துக்குப் போய் வேலை செய்யும்படி தகப்பன் சொன்னபோது மூத்தவன் மறுத்துவிடுகிறான். பின்பு மனம் மாறிப் போகிறான். இளையவன் போவதாகப் பணிவோடு சொல்கிறான், ஆனால் போகவில்லை. மத்தேயு 21-ஆம் அதிகாரத்தில் உள்ள இந்த உவமையை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். இருவரில் தகப்பனுடைய சித்தத்தைச் செய்தவன் யார் என்ற கேள்வியோடு அது முடிகிறது. மனமில்லாமல் தோட்டத்துக்குப் போன மூத்த குமாரன் அங்கே எதைக் கண்டான் என்பது உவமையில் சொல்லப்படவில்லை. வெயிலில் நின்று வேலை செய்த பிறகு அவன் உள்ளத்தில் என்ன நடந்தது? வேண்டாம் என்று தள்ளிய வேலையிலேயே அவனுக்கு ஏதாவது கிடைத்ததா?

இந்தக் கேள்விக்குத் திருச்சபை வரலாறு தரும் பதில்களுள் ஒன்றை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன், வட ஆப்பிரிக்காவின் கடற்கரைப் பட்டணம் ஒன்றில், மக்கள் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பொறுப்பைத் தலையில் சுமத்தியபோது அழுத ஒரு மனிதரைப் பற்றியது அது. அவரை நாம் பரிசுத்த அகஸ்டின் என்று அழைக்கிறோம்.

அவர் விரும்பிய வாழ்க்கை

அகஸ்டின் 354-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்தார். அது இன்றைய அல்ஜீரியா நாட்டில் இருக்கிறது. பேச்சுக்கலையில் வல்லவராக வளர்ந்து, 384-இல் மிலான் நகரத்தில் அக்கலையைக் கற்பிக்கும் அரசாங்கப் பேராசிரியரானார். அங்கே 386-இல் மனந்திரும்பினார். 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகையின்போது பேராயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்காகக் கண்ணீரோடு ஜெபித்துவந்த தாய் மோனிக்கா அதே ஆண்டில் மரித்தார்.

இந்தப் பகுதியை நாம் நன்கு அறிவோம். அதற்கு அடுத்த பகுதியை அதிகம் பேசுவதில்லை. 388-இல் அகஸ்டின் சொந்த ஊருக்குத் திரும்பி, பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டில் சில நண்பர்களோடு தங்கினார். ஜெபம், உபவாசம், வாசிப்பு, எழுத்து, நண்பர்களோடு தேவனைப் பற்றிய உரையாடல் ஆகியவையே அவர்களுடைய நாள் முழுவதையும் நிரப்பின. அரும்பாடுபட்டுக் கிடைத்த அந்த அமைதியை எவரும் பறித்துவிடக் கூடாது என்பதில் அவர் மிகவும் கவனமாயிருந்தார். அக்காலத்தில் பேராயர் இல்லாத பட்டணத்து மக்கள், தகுதியான ஒருவரைக் கண்டால் அவருடைய சம்மதத்தைக் கேளாமலே பிடித்துவைத்துப் பொறுப்பை ஏற்கச் செய்துவிடுவார்கள். ஆகவே பேராயர் பதவி காலியாயிருந்த ஊர்களுக்குப் போவதையே அகஸ்டின் தவிர்த்துவந்தார். பிற்காலத்தில் தம் சபையாருக்கு முன்பாகவே இதை ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

391-ஆம் ஆண்டில் அவர் ஹிப்போ என்னும் துறைமுகப் பட்டணத்துக்குப் போனார். இன்று அன்னாபா என்று அழைக்கப்படும் அந்த ஊரில், அரசாங்கப் பணியிலிருந்த ஒருவர் அவரைச் சந்திக்க ஆவலாயிருந்தார். அவரைத் தம் துறவு வாழ்க்கைக்கு ஆதாயப்படுத்திக்கொள்ளலாம் என்பது அகஸ்டினின் எண்ணம். ஹிப்போவில் வலேரியஸ் என்ற பேராயர் இருந்தபடியால் தமக்கு ஆபத்தில்லை என்று நம்பினார்.

ஆனால் வலேரியஸ் முதியவர். கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர். லத்தீனில் பிரசங்கிப்பது அவருக்குக் கடினமாயிருந்தது. தமக்குத் துணையாக ஒரு குருவானவர் வேண்டும் என்று ஒருநாள் ஆலயத்தில் அவர் பேசிக்கொண்டிருந்தார். அகஸ்டின் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார். அவரை அறிந்திருந்த மக்கள் அங்கேயே அவரைப் பிடித்துப் பேராயருக்கு முன்பாகக் கொண்டுபோய் நிறுத்தி, இவரையே அபிஷேகம் பண்ணவேண்டும் என்று ஒருமித்துச் சத்தமிட்டார்கள். அகஸ்டின் அழுதார்.

அந்தக் கண்ணீரைச் சிலர் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பொசிடியஸ் குறிப்பிடுகிறார். பேராயர் பதவி கிடைக்காமல் வெறும் குருவானவர் பதவி கிடைத்ததற்காக அழுகிறார் என்று நினைத்து, இதுவும் அதற்கு அடுத்த படிதானே என்று அவரைத் தேற்றினார்களாம்! யாரைத் தேடி அவர் ஹிப்போவுக்கு வந்தாரோ அந்த மனிதர் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே அச்சமயம் தீர்மானம் எடுக்காமல் இருந்துவிட்டார். பிடிக்கவந்தவரே பிடிபட்டார். உடுத்திய உடையைத் தவிர வேறொன்றும் கொண்டுவராமல் அந்தச் சபைக்குள் வந்ததாக அகஸ்டின் பின்பு நினைவுகூர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36. மரிக்கும்வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், அந்தப் பட்டணமே அவருடைய ஊழியக்களமாயிற்று.

துடுப்பைப் பிடிக்கத் தெரியாதவர்

அபிஷேகம் பெற்ற சில வாரங்களில் அகஸ்டின் வலேரியசுக்கு எழுதிய கடிதம் இன்றும் நம்மிடம் இருக்கிறது. வேத வசனங்களைக் கற்க உயிர்த்தெழுதல் பண்டிகைவரையாவது அவகாசம் தரும்படி அதில் கெஞ்சுகிறார். சபை ஊழியத்தை அக்கறையின்றிச் செய்தால் அதைவிட எளிதும் இன்பமுமான வேலை இல்லை. தேவன் கட்டளையிட்டபடி செய்தால் அதைவிடக் கடினமும் ஆபத்துமான வேலை இல்லை என்பது அக்கடிதத்தின் கருத்து.

அதில் இன்னொரு அறிக்கையும் உண்டு. சபை என்னும் கப்பலை நடத்துகிறவர்களின் தவறுகளை, அந்த வேலை எப்படிப்பட்டதென்று அறியாத காலத்தில் தாம் குறைகூறிவந்ததாக ஒப்புக்கொள்கிறார். இப்போது துடுப்பைப் பிடிக்கவே தெரியாத தமக்குச் சுக்கானுக்கு அருகே இரண்டாம் இடம் கொடுக்கப்பட்டதை அந்தப் பாவத்துக்கான தண்டனையாகவே அவர் எண்ணினார். அபிஷேக நாளில் சிந்திய கண்ணீருக்கு இதுவே காரணம் என்கிறார்.

அன்பானவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். சபையின் கணக்கைச் சரியாக எழுதவில்லை என்று நாம் பேசியிருக்கிறோம். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு நன்றாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்று பேசியிருக்கிறோம். அந்தக் கணக்குப் புத்தகத்தையே நம் கையில் கொடுத்து, அந்தப் பிள்ளைகளையே நமக்கு முன்பாக உட்காரவைக்கும்போதுதான் அந்த வேலையின் பாரம் நமக்குத் தெரிகிறது. விருப்பமில்லாத பணி தரும் முதல் நன்மை பல வேளைகளில் இதுவே: அதை நமக்கு முன் செய்தவர்களை நியாயந்தீர்த்த நம் நாவு அடங்குகிறது.

பண்டிதர் பாமரரின் மொழியைக் கற்றார்

ஆப்பிரிக்கச் சபைகளில் பேராயர் இருக்கும்போது குருவானவர் பிரசங்கிக்கும் வழக்கமில்லை. வலேரியஸ் அந்த வழக்கத்தை மீறி அகஸ்டினைப் பிரசங்க மேடையில் நிறுத்தினார். 395-ஆம் ஆண்டளவில் துணைப் பேராயராகவும் ஏற்படுத்தினார். விரைவில் வலேரியஸ் மரிக்கவே, முழுப் பொறுப்பும் அகஸ்டின்மேல் விழுந்தது.

மிலானில் அரசவைக்கு முன்பாகப் பேசியவருக்கு முன்னால் இப்போது மீனவரும், துறைமுகக் கூலிகளும், வயலில் உழைப்பவரும் நின்றார்கள். 'நின்றார்கள்' என்பது உண்மையான சொல். அந்த நாட்டு ஆலயங்களில் பேராயர் அமர்ந்து பேசுவார், மக்கள் நின்று கேட்பார்கள். நாட்டுப்புறத்தாரில் பலருக்குப் பியூனிக் மொழியே தெரியும். தாம் கட்டிக்காத்த இலக்கணமும் அலங்காரமும் இவர்களுக்கு உதவாது என்பதை அகஸ்டின் விரைவில் கண்டுகொண்டார். மக்களுக்குப் புரியாமல் போவதைவிட இலக்கணப் பண்டிதர்கள் குறைசொல்லும்படி பேசுவதே மேல் என்னும் முடிவுக்கு வந்தார். எழுத்தறியாதவரும் மனப்பாடம் செய்து பாடுவதற்காக, அகரவரிசையில் தொடங்கும் பத்திகளைக்கொண்ட எளிய பாட்டு ஒன்றை இயற்றினார்.

இதன் விளைவைக் கவனியுங்கள். தகாஸ்தேயின் அமைதியில் அவர் எழுதிய நூல்களில் தத்துவஞானியின் குரல் மேலோங்கியிருந்தது. ஹிப்போவில் ஒவ்வொரு வாரமும் மக்களுக்கு வேதத்தை விளக்கவேண்டியிருந்ததால், வேதமே அவருடைய மூச்சாயிற்று. நூற்றாண்டுகள் கடந்தும் வாசிக்கப்படும் 'அறிக்கைகள்' என்னும் நூலை அவர் பேராயரான பிறகே எழுதினார். அந்த நூலிலும், எல்லாவற்றையும் விட்டுத் தனிமைக்கு ஓடிவிடத் தாம் எண்ணியதையும், தேவன் அதைத் தடுத்ததையும் சொல்கிறார். அவர் பேசப்பேச எழுத்தர்கள் குறித்துக்கொண்ட பிரசங்கங்களில் 500-க்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. ஹிப்போ மக்கள் அன்று அவருடைய கையைப் பிடித்து இழுத்திராவிட்டால், இவற்றில் ஒன்றும் நமக்குக் கிடைத்திராது.

அவருக்கு மிகவும் கசந்த வேலை

பிரசங்கத்தில் அவர் மகிழ்ச்சி கண்டார். ஆனால் வேறொரு வேலை அவரைக் கடைசிவரை வாட்டியது. கான்ஸ்டன்டைன் பேரரசரின் காலந்தொட்டு, உரிமை வழக்குகளைப் பேராயர்களும் விசாரித்துத் தீர்க்கலாம் என்று சட்டம் இடங்கொடுத்தது. கட்டணமின்றி, விரைவாக, நேர்மையாகத் தீர்ப்புக் கிடைக்கும் என்பதால் மக்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். சொத்துப் பங்கீடு, கடன், வயல் எல்லை என்று எல்லாத் தகராறுகளும் அவருடைய வாசலுக்கு வந்தன. சில நாள் நண்பகல்வரை, சில நாள் முழுநாளும் உண்ணாமல் அமர்ந்து அவர் வழக்குகளைக் கேட்டதாகப் பொசிடியஸ் எழுதுகிறார்.

இவ்வேலையைத் தாம் விரும்பவில்லை என்பதை அகஸ்டின் மறைக்கவில்லை. துறவியரின் உழைப்பைப் பற்றி எழுதிய நூலில், மடத்துச் சகோதரரைப் போல நாள்தோறும் குறித்த நேரம் கைவேலை செய்து, மீதி நேரத்தை ஜெபத்திலும் வாசிப்பிலும் செலவிடவே தமக்கு ஆசை என்கிறார். பிறருடைய வழக்குகளின் சிக்கலுக்குள் உழல்வதைவிட அது எவ்வளவோ மேல் என்றும் சொல்கிறார். நண்பர்களின் வழக்கைவிட அந்நியரின் வழக்கை விசாரிப்பதே நல்லது என்று ஒருவர் சொன்னதையும் அவர் நினைவுகூர்வாராம். அந்நியர் இருவருள் தீர்ப்பினால் ஒருவர் நண்பராவார்; நண்பர் இருவருள் ஒருவரை இழக்க நேரிடும் அல்லவா?

ஒருவன் தன் சகோதரனோடு ஆஸ்தியைப் பங்கிட்டுத் தரும்படி கேட்டபோது நம் ஆண்டவர் அந்த வேலையை ஏற்கவில்லை என்று லூக்கா 12-இல் வாசிக்கிறோம். அகஸ்டினுக்கு மறுக்க வழியில்லை. விசுவாசிகளின் வழக்குகளைச் சபைக்குள்ளே தீர்க்கும்படி 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல் சொன்னதற்குக் கீழ்ப்படிந்தே அவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

அங்கே அவருக்கு என்ன கிடைத்தது? நெடுங்காலம் அறியப்படாதிருந்த சில கடிதங்களை ஜோகன்னஸ் டிவ்ஜாக் என்ற ஆஸ்திரிய அறிஞர் கண்டுபிடித்து, 1981-இல் பதிப்பித்தார். அவற்றுள் ஒன்றில் அகஸ்டின் ஒரு சட்ட அறிஞரிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்கிறார். வறுமையினால் தகப்பன் தன் பிள்ளையின் உழைப்பைச் சில ஆண்டுகளுக்கு விற்றால், தகப்பன் மரித்த பின்பும் அந்தப் பிள்ளை கட்டுப்பட்டவனா? தாய்க்கு அப்படி விற்க உரிமை உண்டா? ஏழைகளின் வழக்குகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய உள்ளத்தில் எழுந்த கேள்விகள் இவை. நூலகத்தில் மட்டும் இருந்திருந்தால் அவர் இவற்றைக் கேட்டிருக்கமாட்டார்.

அதே தொகுப்பில் மற்றொரு கடிதம் இருக்கிறது. 420-களில் தம் நண்பரான பேராயர் அலிபியசுக்கு எழுதியது. அடிமை வியாபாரிகள் ஆப்பிரிக்காவின் நாட்டுப்புறங்களில் கொள்ளைக் கூட்டத்தாரை ஏவி, சுயாதீனரான மக்களைப் பிடித்துக் கடல் கடந்து விற்றுவந்தார்கள். கலாத்தியா நாட்டு வியாபாரிகள் அப்படிப் பலரைப் பிடித்து ஹிப்போவின் துறைமுகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சபையின் வழக்கத்தை அறிந்த ஒரு விசுவாசி ஓடிவந்து செய்தி சொன்னார். உடனே சபையார் திரண்டுபோய், கப்பலில் இருந்தவர்களையும், ஏற்றுவதற்காக மறைத்துவைக்கப்பட்டிருந்தவர்களையும் சேர்த்து ஏறக்குறைய 120 பேரை விடுவித்தார்கள். விசாரித்துப் பார்த்தபோது, பெற்றோரால் விற்கப்பட்டவர்கள் அவர்களுள் ஐந்தாறு பேர்கூட இருக்கவில்லை. மற்றவர்கள் வஞ்சகத்தாலும் வன்முறையாலும் பிடிக்கப்பட்டவர்கள். தன் பெற்றோரின் வீட்டிலிருந்தே கவர்ந்துசெல்லப்பட்ட ஒரு சிறுமியிடம் அகஸ்டின் தாமே பேசியிருக்கிறார்.

இக்கடிதத்தில் என் உள்ளத்தைத் தொட்ட செய்தி ஒன்று உண்டு. இவை நடந்தபோது அகஸ்டின் ஊரில் இல்லை. பேராயரின் கட்டளைக்காக எவரும் காத்திருக்கவில்லை. மீட்கப்பட்ட எல்லோரையும் போஷிக்கச் சபைக்கு வசதி இல்லாததால், பலர் விசுவாசிகளின் பராமரிப்பில் விடப்பட்டார்கள். வியாபாரிகளுக்குச் செல்வாக்குள்ள ஆதரவாளர்கள் இருந்தார்கள். அவர்கள் கொடுத்த தொல்லையையும் சபை தாங்கிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏழைகளின் வழக்குகளைக் கேட்க உட்கார்ந்த ஒருவரைப் பார்த்து வளர்ந்த சபை அது. தாம் வெறுத்த அந்த நாற்காலியிலிருந்து அவர் ஒரு சபைக்கு நீதியின்மேல் தாகம் உண்டாக்கியிருந்தார் என்றே நான் எண்ணுகிறேன்.

சலிப்படைந்தவருக்கு ஓர் ஆலோசனை

ஏறக்குறைய 400-ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத்து உதவி ஊழியரான தேயோகிராத்தியாஸ், அகஸ்டினிடம் ஒரு குறையைச் சொன்னார். புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களுக்குத் தொடக்கப் பாடங்களைக் கற்பிப்பது அவருடைய வேலை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அவருக்குச் சலிப்பு ஏற்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக அகஸ்டின் ஒரு சிறுநூலே எழுதினார்.

நமக்குப் பழகிப்போன அழகான இடங்களை நாம் திரும்பிப் பாராமலே கடந்துபோகிறோம். அவற்றை ஒருபோதும் பார்த்திராத நண்பர் ஒருவரை அழைத்துச்சென்று காட்டும்போதோ, அவருடைய வியப்பில் நமக்கும் அந்த இடம் புதிதாகிவிடுகிறது. நண்பர்மேல் அன்பு எவ்வளவு மிகுதியோ, பழையது அவ்வளவு புதிதாகும் என்று அவர் விளக்குகிறார். கற்பிக்கிறவர் கேட்கிறவரை நேசித்தால், கேட்கிறவருடைய உள்ளத்தினுள் நின்று தாமும் அந்தச் சத்தியத்தை முதன்முறை கேட்பார்.

விருப்பமான வேலையை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகும்படி நேரிடும் எரிச்சலைப் பற்றியும் அந்நூலில் பேசுகிறார். நம் வேலைகளை நமக்குத் தெரிந்த நல்ல முறையில் நாம் ஒழுங்குபடுத்திக்கொள்வது தவறல்ல. ஆனால் தேவன் வேறொரு ஒழுங்கை முன்வைத்தால், முறிந்துபோகாதபடி எளிதாக வளைந்துகொடுத்து, அவருடைய ஒழுங்கையே நம்முடையதாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர் கண்ட வழி. ஒவ்வொரு நாளும் தம் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு வழக்கு மன்றத்துக்கு எழுந்துபோன மனிதர் இதை எழுதினார் என்பதை மறவாதிருப்போம்.

எச்சரிப்பாகவும் சில வார்த்தைகள்

பிரியமானவர்களே, இந்த வரலாற்றை வைத்து நாம் தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விருப்பமில்லாத எல்லா வேலையும் தேவனிடத்திலிருந்து வந்தது என்று வேதம் போதிக்கவில்லை. ஒருவரைப் பலவந்தமாகப் பொறுப்பில் தள்ளுவதும் சரியல்ல. அகஸ்டினே இதை நமக்குக் காட்டியிருக்கிறார். 411-இல் பெருஞ்செல்வரான பினியானுஸ் ஹிப்போவுக்கு வந்தபோது, சபையார் பழைய வழக்கப்படி அவரையும் குருவானவராக்கும்படி ஆலயத்தில் கூச்சலிட்டார்கள். அவருடைய விருப்பத்துக்கு மாறாக அபிஷேகம் பண்ணுவதில்லை என்று அகஸ்டின் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை மீறச் செய்து அவரைக் குருவானவராகப் பெற்றால், என்னைப் பேராயராக இழப்பீர்கள் என்னும் பொருள்படச் சபையாருக்கு உறுதியாகச் சொல்லிவிட்டார். தாம் பட்ட வேதனையைப் பிறர்மேல் சுமத்த அவர் உடன்படவில்லை. சபைப் பொறுப்புகளுக்கு ஆள் தேடும் நாம் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

அகஸ்டின் அந்தப் பதவியில் செய்தவை யாவும் சரியானவை என்றும் சொல்வதற்கில்லை. பிரிந்துபோன டொனாட்டிஸ்டு சபையாரைத் திருப்பிக் கொண்டுவர அரசாங்கத்தின் கட்டாயத்தைப் பயன்படுத்துவதை முதலில் எதிர்த்த அவர், பின்பு ஆதரித்தார். பிற்காலத்தவர் பலர் அதைத் தங்கள் கொடுமைகளுக்கு நியாயமாக எடுத்துக்காட்டினார்கள். மனமில்லாமல் ஏற்ற பணியிலும் நமக்கு அதிகாரம் வந்துசேருகிறது. அந்த அதிகாரத்தைக் குறித்து நாம் விழிப்பாயிருக்கவேண்டும்.

கடைசிப் பத்து நாட்கள்

426-ஆம் ஆண்டு செப்டம்பர் 26 அன்று, 71 வயதான அகஸ்டின் சபையைக் கூட்டி, எராக்லியஸ் என்ற குருவானவரைத் தமக்குப் பின் பொறுப்பேற்பவராக முன்மொழிந்தார். வாரத்தில் ஐந்து நாட்கள் வேத ஆராய்ச்சிக்கென்று தமக்கு விட்டுக்கொடுப்பதாகச் சபையார் முன்பே ஒப்புக்கொண்டிருந்ததையும், சிறிது காலத்திலேயே அதை மீறிவிட்டதையும் அன்று அவர்களுக்கு நினைப்பூட்டினார். முற்பகலிலும் பிற்பகலிலும் தமக்கு ஓய்வு இல்லை என்று அன்போடு முறையிட்டார். இனியாவது வழக்குகளை எராக்லியசிடம் கொண்டுபோங்கள் என்று கேட்டுக்கொண்டார். 35 ஆண்டுகள் கடந்தும் அவருடைய பழைய ஏக்கம் தீரவில்லை. பணியின் மேன்மையை அறிந்துகொண்டவருக்கும் அதன் பாரம் குறைந்துவிடவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குள் வாண்டல் படைகள் ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தன. ஊழியர்கள் தப்பியோடலாமா என்று ஹொனொராத்துஸ் என்ற பேராயர் கேட்டபோது, மந்தை இருக்கும்வரை மேய்ப்பர்கள் தேவையானவர்கள், அவர்களை விட்டு ஓடக் கூடாது என்று அகஸ்டின் பதில் எழுதினார். பேராயர் இல்லாத ஊர்களை விட்டே விலகி நடந்தவர், முதிர்வயதில் ஊரை விட்டு ஓடாதீர்கள் என்று பிறருக்குப் போதித்தார், தாமும் ஓடவில்லை. 430-இல் ஹிப்போ முற்றுகையிடப்பட்டபோது அவர் பட்டணத்துக்குள்ளேயே இருந்தார்.

முற்றுகையின் மூன்றாம் மாதத்தில் அவர் காய்ச்சலில் விழுந்தார். மனந்திரும்புதலைப் பற்றிய தாவீதின் சில சங்கீதங்களை எழுதச் சொல்லி, படுக்கைக்கு எதிரே சுவரில் வைத்து, வாசித்து வாசித்து அழுதார். மருத்துவர் வரும் வேளையையும் உணவு கொண்டுவரும் வேளையையும் தவிர ஒருவரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏறக்குறைய பத்து நாட்கள் அப்படியே ஜெபத்தில் கழிந்தன. வாழ்நாளெல்லாம் அவர் விரும்பிய தனிமை அந்தப் பத்து நாட்களே. ஆகஸ்டு 28 அன்று அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அவருடைய நூல்களை வாசிக்கிறவர்கள் பயனடைவார்கள். ஆனால் அவரை நேரில் கண்டும் கேட்டும், அவர் மக்களோடு பழகினதை அறிந்தும் இருந்தவர்களே அதிகப் பயனடைந்தார்கள் என்று பொசிடியஸ் தம் நூலின் இறுதியில் சாட்சி சொல்கிறார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் பிரசங்கங்களையும் கடிதங்களையும் பட்டியலிட்ட அதே மனிதர் இப்படிச் சொல்கிறார்.

இந்த வாரம் நமக்கு

உங்களுக்கு முன்பாகவும் இப்போது ஒரு வேலை இருக்கலாம். படுக்கையில் இருக்கும் மாமியாருக்கு இரவில் விழித்திருந்து பணிவிடை செய்வதாயிருக்கலாம். அலுவலகத்தில் மற்றவர்கள் தட்டிக்கழித்து உங்கள் மேசையில் வைத்துவிட்ட கோப்பாயிருக்கலாம். நெடுநாளாகப் பேசாமலிருக்கும் உறவினர் இருவருக்கு நடுவே சமாதானம் பேசப் போவதாயிருக்கலாம். அல்லது, அடுத்த ஆண்டு நீங்கள்தான் ஓய்வுநாள் பள்ளியைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று யாராவது கேட்டு, நீங்கள் இன்னும் பதில் சொல்லாமல் இருக்கலாம்.

விருப்பம் இல்லை என்பதைத் தேவனிடத்தில் மறைக்கவேண்டாம். மோசேயும் எரேமியாவும் அதை மறைக்கவில்லை. அகஸ்டின் சபை முழுவதும் பார்க்க அழுதார். அவகாசம் தேவையானால் அவரைப் போலக் கேளுங்கள். அந்தப் பணி உங்களுக்குரியதல்ல என்று ஜெபத்தில் தெளிவு கிடைத்தால் தாழ்மையோடு மறுத்துவிடுங்கள். ஆனால் உங்களுக்குரியது என்று அறிந்தால், மகிழ்ச்சி முதலில் வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திராதிருங்கள். மூத்த குமாரன் மனம் மாறினவுடன் தோட்டத்துக்குப் போனான். அங்கே அவனுக்காகக் காத்திருந்தது என்ன என்பதைப் போனபிறகே அவன் அறிந்திருக்கக்கூடும்.

ஜெபம்: அன்பின் பரம தகப்பனே, நாங்கள் தள்ளிவைத்திருக்கிற பணிகளை நீர் அறிந்திருக்கிறீர். அவற்றில் எங்களுக்குரியவை எவை என்று எங்களுக்குக் காண்பித்தருளும். எங்கள் ஒழுங்கை நீர் மாற்றும்போது முறிந்துபோகாமல் வளைந்துகொடுக்கும் இருதயத்தைத் தாரும். எங்களிடம் ஒப்புவிக்கப்பட்ட மனிதரை நேசிக்கவும், அவர்களுக்குள் உம்மைக் காணவும் கிருபை செய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.